உன் மெஷின் டிராயரில் இருந்த மாத்திரை

என் அன்புப் பிலோமி,

முதலில் கோபப்படாமல் கேள். நீ படுத்த படுக்கையில் என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு வாங்கிய சத்தியத்தை உடைத்துவிட்டேன். உனக்கு வந்த நோய் இன்னதென்று யாரிடமும் சொல்லக் கூடாது, நம் மகளிடம்கூடக் கூடாது என்று வாங்கினாயே, அதைத்தான். உடைத்த இடம் ஆஸ்பத்திரி. பக்கத்தில் படுத்துக் கேட்டுக்கொண்டிருந்தவள் நம் ஜெனி.

எப்படி அதுவரை போயிற்று என்று முதலிலிருந்து சொல்கிறேன். நடுவில் புகுந்து, "நீங்க இன்னா பண்ணிவெச்சீங்க, அத மொதல்ல சொல்லுங்க" என்று ஆரம்பிக்காதே. அதையும் சொல்லத்தான் போகிறேன்.

வீட்டில் இப்போது நானும் அவளும்தான். ஜெனி காலேஜில் இரண்டாம் வருஷம், விலங்கியல் படிக்கிறாள். தவளையின் வயிற்றைக் கிழித்து, எது எங்கே இருக்கிறது என்று படம் போட்டுப் பெயர் எழுதி, நல்ல மார்க் வாங்குகிறாள். காலையில் நான் சோறு வடிக்கிறேன், அவள் குழம்பு வைக்கிறாள். வில்லியனூர் வரைக்கும் ஒரே பஸ்ஸில் போகிறோம். அவள் முன்பக்கம், நான் பின்பக்கம்.

நான் இன்னும் செக்கர்தான். நடு வழியில் கை காட்டி ஏறி, டிக்கெட் கேட்கிற அதே வேலை. என்னைக் கண்டதும் சில பேர் ஜன்னல் பக்கம் திரும்பிக் கரும்பு வயலை வேடிக்கை பார்ப்பார்கள். அப்படித் திரும்புகிற கழுத்தைப் பார்த்தே ஆளைப் பிடித்துவிடுவேன். அந்தக் கண் உனக்குப் பிடிக்காது. "வூட்டுக்குள்ள வரும்போது அந்தச் செக்கர் கண்ண கயட்டி வாசல்லயே வெச்சிட்டு வாங்க" என்பாய். நீ இருந்தவரை கழற்றித்தான் வைத்தேன் என்று நினைக்கிறேன். நீ போன பிறகு அதைச் சொல்ல வீட்டில் ஆளில்லை.

ஆரம்பித்து வைத்தது என் அக்கா லூர்து. ஒரு ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து கோயில் வாசலில் செருப்பு மாட்டிக்கொண்டிருந்தேன். கிட்டே வந்து முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு குசுகுசுவென்று கேட்டாள்.

"இன்னாடா, உம் பொண்ணு நன்மை வாங்கப் போவல? போன வாரமும் உக்காந்த எடத்துலயே உக்காந்துக்கினு இருந்தா."

"வூட்ல ஏதாவது தின்னுட்டு வந்திருப்பா அக்கா. தின்னுட்டா வாங்கக் கூடாதில்ல."

"ரெண்டு வாரமுமா?"

உனக்குத் தெரியாததா? நம் ஊரில் பூசையில் சாமியார் தரும் நன்மை அப்பத்தை வாங்க எல்லோரும் எழுந்து வரிசையில் போகும்போது, ஒரு வயசுப் பெண் மட்டும் பெஞ்சில் உட்கார்ந்திருந்தால், அதற்கு ஒரே அர்த்தம்தான். அவள் மனசில் பெரிய பாவம் ஒன்று இருக்கிறது. அதைச் சாமியாரிடம் பாவசங்கீர்த்தனம் செய்யவும் அவளுக்கு வாய் வரவில்லை. பீடத்தைப் பார்ப்பதுபோல எல்லோரும் அந்த பெஞ்சைத்தான் பார்ப்பார்கள். அன்று நானும் என் மகளை ஊர்க்கண்ணால் பார்த்தேன். முகம் வெளுத்திருந்தது. குற்றமுள்ள முகம் என்று முடிவு கட்டினேன். ரத்தம் இல்லாத முகமும் அப்படித்தான் இருக்கும் என்று எனக்கு ஏன் தோன்றவில்லை?

அந்த வாரமே என் காக்கிச் சட்டையில் பொத்தான் அறுந்தது. ஊசி தேடி உன் தையல் மெஷின் டிராயரைத் திறந்தேன். நூல்கண்டுகளுக்கு அடியில், உன் அளவு நாடாவைச் சுற்றி ஒளித்துவைத்திருந்தது ஒரு மாத்திரை அட்டை. சின்னச் சின்ன மாத்திரைகள், மேலே கிழமை எல்லாம் போட்டிருந்தது. கொஞ்சம் எடுத்திருந்தாள், மிச்சம் இருந்தது. தலைவலி மாத்திரையை யாராவது இப்படி ஒளித்துவைப்பார்களா?

நம் ஊர்க் கடையில் கேட்டால் பொழுது சாய்வதற்குள் அக்காவுக்குத் தெரிந்துவிடும். வில்லியனூரிலும் பாதிப் பேருக்கு என்னைத் தெரியும். அடுத்த நாள் பாகூர் பக்கம் டூட்டி. அட்டையின் பின்பக்கத்தைப் போனில் படம் பிடித்துக்கொண்டு, பாகூரில் இறங்கி ஒரு மருந்துக் கடையில் காட்டினேன். கடைக்காரப் பையன் என் காக்கிச் சட்டையைப் பார்த்தான், படத்தைப் பார்த்தான்.

"குடும்பக் கட்டுப்பாடு மாத்திர சார். வூட்டுக்காரம்மாவுக்கா?"

என்ன சொல்ல முடியும், சொல். "ஆமாம்" என்றேன். செத்துப்போன உனக்குத்தான் என்று சொல்லிவிட்டேன் பிலோமி. அவன் ரொம்ப மரியாதையாக, "தெனம் ஒரே நேரத்துக்குப் போடச் சொல்லுங்க சார். நடுவுல வுட்டுடக் கூடாது" என்றான். "சொல்றேன்" என்றேன். அந்த வார்த்தையை நீ ஞாபகம் வைத்துக்கொள், திரும்ப வருகிறேன்.

அன்றைக்கு எத்தனை பேரிடம் டிக்கெட் கேட்டேன், எத்தனை பேரை விட்டேன் என்று எதுவும் நினைவில்லை. மாத்திரை இருந்தால் பையன் இருக்க வேண்டும். யார் அவன்? கோயில் பாடல் குழுவில் கீபோர்டு வாசிப்பவனைச் சந்தேகப்பட்டேன், அவள் பாடும்போது அவன் தலையை ஆட்டுகிறான். பஸ்ஸில் அவளுக்கு எழுந்து இடம் கொடுத்த காட்டேரிக்குப்பத்துப் பையனைச் சந்தேகப்பட்டேன். கொம்யூன் பஞ்சாயத்து ஆபீஸ் எதிரில் ஜெராக்ஸ் கடை வைத்திருப்பவனையும் விடவில்லை. அவனுக்குக் கல்யாணமாகிக் கைக்குழந்தை இருக்கிறது, இருந்தாலும். சிரிக்காத பையன் அழுத்தக்காரனாகத் தெரிந்தான், சிரித்தவன் சிரிப்பதாலேயே மாட்டினான்.

ஜெனியிடம் நேராகக் கேட்டிருக்கலாமே என்பாய். எப்படிக் கேட்பது? அவளுக்கு நாப்கின் வாங்கிவருவதே எனக்குப் பெரிய பாடு. கடைக்காரர் கறுப்புப் பையில் போட்டு, அதன்மேல் பேப்பரையும் சுற்றித் தருவார், நான் அதன்மேல் கத்தரிக்காயை வைத்து எடுத்துவருவேன். மேசைமேல் வைப்பேன், அவள் எடுத்துக்கொள்வாள், இருவரும் அதைப் பற்றிப் பேசியதே கிடையாது. அந்த மாதம் மளிகைச் சீட்டில் அவள் அதைத் திரும்பத் திரும்ப எழுதிவைத்தாள். அதிலும் எனக்குச் சந்தேகம்தான் வந்தது. கூடப் படிப்பவள் யாருக்கோ கொடுக்கிறாள் என்று நினைத்தேன். விடியற்காலையில் பெட்ஷீட்டை அலசிக் காயப்போட்டதையும் பார்த்தேன். படுத்துக்கொண்டு போனில் யாருடனோ பேசிக்கொண்டே தண்ணீரைக் கொட்டிவிட்டாள் என்று அதற்கும் ஒரு கதை கட்டினேன்.

கூடப் படிப்பவள் என்றேனே, அவள் கவி. கவிப்பிரியா. கடலோரம் நல்லவாட்டுப் பெண். அப்பாவுக்குப் படகு இருக்கிறது. வந்தால் வீடே கலகலவென்று இருக்கும், தொண்டை அப்படி. ஒருநாள் நான் அடுப்படியில் மீன் குழம்பைக் கிளறிக்கொண்டிருந்தேன். உள்ளே இரண்டு பேரும் பேசுவது கேட்டது. காலேஜுக்கு ஒரு லேடி டாக்டர் வந்து பெண்களுக்கு மட்டும் வகுப்பு எடுத்தாராம். பையன்களை கிரவுண்டுக்கு அனுப்பிவிட்டார்களாம்.

"சந்தேகம் இருந்தா கேளுங்கன்னாங்கடி. ஒருத்தியாவது வாயத் தொறந்தாளா? நான் ஒருத்தி எய்ந்து நின்னு கேட்டேன், எல்லாளும் துப்பட்டாவ வாயில வெச்சிக்கினு சிரிக்கறாளுங்க. வெளில வந்ததும் எங்கிட்ட வந்து கேக்கறாளுங்க. ஒரே பாத்ரூம் போனா எய்ட்ஸ் வருமாங்கறா ஒருத்தி. கட்டிப்புடிச்சாவே உண்டாயிடுமாங்கறா இன்னொருத்தி. பி.எஸ்சி. படிக்கறாடி அவ!"

கரண்டியோடு வெளியே வந்தேன். எனக்குள் ஒரே முடிச்சில் எல்லாம் சேர்ந்தது. மாத்திரை கொடுத்தவள் இவள்தான், வழி காட்டியவள் இவள்தான். குரலை உயர்த்தவில்லை, உயர்த்தியிருந்தால்கூடப் பரவாயில்லை. "இருட்டறதுக்கு முன்னாடி பஸ் புடிம்மா. இனிமே இங்க வர வேணாம்" என்றேன். கவி என்னைப் பார்த்தாள், ஜெனியைப் பார்த்தாள், பையை எடுத்துக்கொண்டு போனாள். ஜெனி தட்டில் போட்ட மீனைத் தொடவில்லை.

அப்புறம் தினமும் அவள் குளிக்கப் போனதும் டிராயரைத் திறந்து அட்டையைப் பார்ப்பேன். டிக்கெட்டைப் பார்க்கிற மாதிரி வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்துப் பார்ப்பேன். குறையவில்லை. நேற்று இருந்தது அப்படியே இன்றும் இருந்தது. மாத்திரை நின்றுவிட்டது என்றால் பையனும் நின்றுவிட்டான் என்று கணக்குப் போட்டேன். அடுத்த ஞாயிறு நன்மை வரிசையில் ஜெனி எழுந்து போனாள். கையைக் குவித்துக்கொண்டு, தலையைக் குனிந்துகொண்டு, மெதுவாக, ரொம்ப மெதுவாகப் போனாள். அக்கா என்னைத் திரும்பிப் பார்த்துத் தலையசைத்தாள். எனக்கு நெஞ்சிலிருந்து ஒரு கல் இறங்கியது. வரும்போது ஆட்டுக்கறி வாங்கிவந்தேன்.

பாகூர்க் கடைப் பையன் சொன்னானே, நடுவில் விட்டுவிடக் கூடாது என்று. அதைக் கேட்டவன் வீட்டிலேயே நான் ஒருவன்தான். அவள் நடுவில் விட்டதைக் கண்ணால் பார்த்துக் கறி வாங்கித் தின்றவனும் நான்தான்.

அந்த வாரத்திலேயே ஒரு மத்தியானம் ஜெனி நம்பரிலிருந்து போன் வந்தது. எடுத்தால் வேறு குரல்.

"அங்கிள், நான் கவி பேசறேன். போன வெச்சிடாதீங்க."

லேபில் மயங்கி விழுந்துவிட்டாள் என்றாள். ஆட்டோவில் போட்டு அரசாங்க ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோவதாகச் சொன்னாள். வழியில் எனக்கு வந்த நினைப்பை உன்னிடமாவது சொல்லியாக வேண்டும். பிழைப்பாளா என்று முதலில் தோன்றவில்லை. வயிற்றில் எத்தனை மாதம் என்றுதான் தோன்றியது. அப்பனுக்கு வரக்கூடிய நினைப்பா அது?

வார்டு வாசலில் கவி நின்றிருந்தாள். அவள் சுடிதாரில் ஒரு பக்கம் முழுக்க ரத்தம். நான் அதைப் பார்த்தும் பார்க்காமல், "எவன்டி அவன்?" என்றேன்.

"எவன்?"

"நடிக்காதே. எவன்னு கேட்டேன்."

அவளுக்குப் புரிய ஒரு நொடி ஆயிற்று. புரிந்ததும் தலையில் கை வைத்துக்கொண்டாள். "அய்யோ அங்கிள், ஆளே இல்ல. ரத்தந்தான் போய்க்கினு இருக்குது. வந்தா நிக்கவே மாட்டேங்குது அவளுக்கு. எத்தினி மாசமா இப்புடி இருக்கா தெரியுமா? நான்தான் இங்க இட்டுக்கினு வந்து காட்டினேன். மாத்திர குடுத்தாங்க. நான் தெனம் போன் பண்ணிப் போடச் சொல்வேன். நீங்க வரக் கூடாதுன்னீங்க, அதுலருந்து அவ எங்கிட்டயும் பேசறதில்ல."

நான் பெஞ்சில் உட்கார்ந்துவிட்டேன். எத்தனை பேர் முகத்தில் நான் தேடிய அந்தப் பையன் உலகத்தில் எங்குமே இல்லை. இருந்தது ஒரு நோய், அதற்கு ஒரு மருந்து, அதைச் சாப்பிடச் சொல்ல ஒரு தோழி. அந்தத் தோழியைத்தான் நான் பஸ் ஏற்றி அனுப்பினேன்.

டாக்டர் சின்ன வயசுப் பெண்தான். ரத்தம் ஏறிக்கொண்டிருந்தது. ஜெனி கண் திறந்ததும், "மாத்திரையை ஏன்மா நிறுத்தினே? நல்லா கேட்டிட்டு இருந்ததே?" என்று கேட்டார். ஜெனி என்னைப் பார்த்துவிட்டுச் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டாள். அந்தக் கழுத்தை எனக்குத் தெரியும்.

"பரவால்ல, அப்பா வெளியில இருக்கட்டுமா?" என்றார் டாக்டர். ஜெனி வேண்டாம் என்று தலையாட்டினாள். அப்புறம் சுவரைப் பார்த்தபடியே சொன்னாள்.

"அது குடும்பக் கட்டுப்பாடு மாத்திரன்னு கிளாஸ்ல பொண்ணுங்க சொன்னாங்க. கல்யாணத்துக்கு முன்னாடி போட்டா அப்புறம் கொயந்தையே பொறக்காதாம். நெட்லயும் போட்டிருந்தது. அதப் போட்டுக்கினு நன்மை வாங்குனா சாவான பாவம்னு ஒருத்தி மெசேஜ் அனுப்பினா. பாவசங்கீர்த்தனத்துல சொல்லலாம்னா, சாமியாருக்கு என் கொரல் தெரியும். அதான் நிறுத்திட்டுப் போய் வாங்கினேன்."

கேட்டாயா பிலோமி? நோய்க்குச் சாப்பிட்ட மருந்துக்காக நம் பெண் தன்னைத்தானே பெஞ்சில் உட்காரவைத்துக்கொண்டிருக்கிறாள். அந்த பெஞ்சிலிருந்து எழுந்து போவதற்காக மருந்தை நிறுத்தியிருக்கிறாள். ஊர் அவளைத் தப்பாக நினைத்தது என்று சொல்லி நான் தப்பிக்க முடியாது. அவள் தன்னையே தப்பாக நினைக்கும் அளவுக்கு வீட்டில் ஒரு வார்த்தை பேச ஆளில்லாமல் இருந்திருக்கிறது.

டாக்டர் சிரிக்கவும் இல்லை, திட்டவும் இல்லை. அதே மாத்திரைதான், வேலை வேறே, ஹார்மோன் சரியாகவும் ரத்தம் நிற்கவும் கொடுத்தது, நிறுத்தினால் பிற்பாடு குழந்தை பிறப்பதில் ஒரு தொல்லையும் இல்லை என்று பொறுமையாகச் சொன்னார். ஸ்கேனில் பயப்படும்படி ஒன்றும் இல்லை என்றார். அப்புறம் கேஸ் ஷீட்டைப் புரட்டிக்கொண்டே சாதாரணமாகக் கேட்டார்.

"அம்மா எப்படி இறந்தாங்கம்மா?"

"வயித்துல கட்டி, டாக்டர்."

"வயித்துலன்னா எங்கே? குடலா, கர்ப்பப்பையா?"

"வயித்துல கட்டின்னுதான் சொன்னாங்க" என்று சொல்லிவிட்டு ஜெனி என் பக்கம் திரும்பினாள். டாக்டரும் திரும்பினார். கவியும் வாசலிலிருந்து பார்த்தாள்.

உன் குரல் என் காதில் கேட்டது. "எம் பொண்ணாண்டகூடச் சொல்லக் கூடாது. அங்க வந்த வியாதின்னா ஊரு இன்னா பேசும்? நாளைக்கு அவள எவன் வந்து கட்டுவான்?" மணிக்கட்டில் நீ பிடித்த இடம் வலிக்கிற மாதிரி இருந்தது. டாக்டர் காத்திருந்தார்.

"கர்ப்பப்பை வாயில புத்துநோய்" என்றேன். "ரத்தம் போய்க்கினு இருந்திருக்குது. ரொம்ப நாள் யாராண்டயும் சொல்லாம இருந்துட்டா. என்னாண்டயும் சொல்லல. கொண்டாந்து காட்டும்போது முத்திப்போச்சி."

சொல்லிவிட்டேன். கூரை இடிந்து விழவில்லை. பக்கத்துக் கட்டிலில் ஒரு அம்மா ஆரஞ்சு உரித்துக்கொண்டிருந்தார், நிமிர்ந்து பார்த்துவிட்டு மறுபடியும் உரிக்க ஆரம்பித்தார்.

டாக்டர் ஜெனியிடம், உனக்கு இருப்பது அது இல்லை, இரண்டும் வேறு வேறு, பயப்படாதே என்று திரும்பத் திரும்பச் சொன்னார். உனக்கு வந்தது வராமல் தடுக்க இப்போது ஊசி இருக்கிறதாம், கல்யாணத்துக்கு முன்பே போட்டுக்கொள்ளலாமாம். அது எதனால் வருகிறது என்று நான் கேட்டேன். கேட்காமல் இருந்திருக்கலாமோ? ஒரு கிருமியாம். புருஷன் பெண்டாட்டி சேர்ந்து வாழ்வதிலேயே வருமாம். ஆண்களிடம் எந்த அடையாளமும் காட்டாமல் வருஷக்கணக்கில் இருக்குமாம். "யார் மேலயும் குத்தம் சொல்றதுக்கு இதுல ஒண்ணும் இல்லை சார்" என்றார்.

குற்றம் இல்லை, சரி. ஆனாலும் பிலோமி, நீ வெட்கப்பட்டு மறைத்து வைத்தாயே அது, என் மூலமாக வந்திருக்கவும் கூடும். ஊரில் உள்ள பையன்களையெல்லாம் சோதனை போட்டவன் நான். என்னிடமிருந்து ஒன்று டிக்கெட் இல்லாமல் இறங்கி உன்னிடம் ஏறியிருக்கலாம். எனக்குத் தெரியவே தெரியாது. உனக்குத் தெரிந்திருக்குமா?

டாக்டர் போன பிறகு ஜெனி என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். கண்ணைச் சிமிட்டாமல், மேலிருந்து கீழ்வரை. அந்தக் கண் யாருடையது என்று சொல்லத் தேவையில்லை.

"வேற இன்னா மறைச்சி வெச்சிருக்கீங்க?"

"ஒண்ணும் இல்லம்மா."

"அப்பா."

அப்புறம் பாகூர்க் கடைக் கதையைச் சொன்னேன். டிராயரைத் திறந்தது, படம் பிடித்தது, மாத்திரை யாருக்கு என்று கேட்டவனிடம் உன்னைச் சொன்னது, எல்லாவற்றையும். அவளுக்கு முதலில் முகம் சிவந்தது. அந்த முகத்தில் சிவப்பைப் பார்த்து எத்தனை நாளாயிற்று! அப்புறம், "செத்துப்போன அம்மாவுக்கா கட்டுப்பாடு மாத்திர கேட்டீங்க?" என்று சிரித்தாள். நர்ஸ் வந்து கையை ஆட்டாதே என்று அதட்டுகிற அளவுக்குச் சிரித்தாள். அப்படியே அது அழுகையாக மாறியது. "அம்மாவும் என்ன மாதிரியே ரத்தத்த மறைச்சி வெச்சிக்கினு இருந்தாங்களாப்பா?" என்று கேட்டு அழுதாள்.

அதனால் இப்போது என் சந்தேகமெல்லாம் உன் மேல்தான். கடைசி வருஷம் நீ கறுப்பும் ஊதாவுமாகவே புடவை கட்டினாய். மாதாவுக்கு நேர்த்தி என்றாய். எந்த மாதா அந்த மாதிரி நேர்த்தி கேட்டாள்? கோயிலில் கடைசி பெஞ்சுக்கு மாறினாய், முழங்கால் வலி என்றாய். உன் தங்கச்சி பிள்ளை காதுகுத்துக்குப் போனபோது பஸ்ஸில் உட்காராமல் புதுச்சேரி வரை நின்றுகொண்டே வந்தாயே, அதற்கு என்ன சொன்னாய் என்றுகூட நினைவில்லை. நான் எதையும் கேட்கவில்லை. என் வாழ்நாளில் நான் சந்தேகமே படாத ஒரே ஆள் நீதான். பட்டிருக்க வேண்டியதும் உன்னைத்தான்.

எனக்குப் பயந்தாயா, ஊருக்குப் பயந்தாயா? சொல்லியிருந்தால் கூட்டிக்கொண்டு போயிருக்க மாட்டேனா? இதைக் கேட்கும்போதே, சொல்கிற மாதிரி நான் இருந்தேனா என்றும் ஒரு கேள்வி வருகிறது. அதை அப்படியே விட்டுவிடுகிறேன்.

ஜெனி வீட்டுக்கு வந்துவிட்டாள். மாத்திரை இப்போது உப்பு ஜாடிக்குப் பக்கத்தில் இருக்கிறது. ராத்திரிச் சாப்பாடு முடிந்ததும் நானே சத்தமாக, "மாத்திர போட்டியா?" என்று கேட்கிறேன். பக்கத்து வீட்டுக்குக் கேட்டால் கேட்கட்டும். அட்டையை எடுத்து வெளிச்சத்தில் பார்ப்பதை விட்டுவிட்டேன், கேட்டால் அவளே சொல்கிறாள். சாமியாரிடம் அவளே போய்க் கேட்டாளாம். "வைத்தியத்துக்குச் சாப்புடற மாத்திரைக்கு எதுக்கும்மா பாவசங்கீர்த்தனம்? போய் ஒடம்பப் பாத்துக்க" என்றாராம்.

கவி வருகிறாள். முதல் நாள் வாசலிலேயே நின்றுகொண்டு, "பஸ் எத்தினி மணிக்கு அங்கிள்?" என்று கேட்டாள். குத்தல்தான். வாங்கிக்கொண்டேன். இரண்டு பேரும் சேர்ந்து முன்பு வகுப்பு எடுத்த அந்த லேடி டாக்டரை மறுபடியும் காலேஜுக்கு அழைத்திருக்கிறார்கள். இந்த முறை பையன்களையும் உட்காரவைக்க வேண்டும் என்று ஜெனி பிடிவாதம் பிடிக்கிறாள். நம் ஜெனியா என்று கேட்காதே, எனக்கும் ஆச்சரியம்தான். பையன்களும் உட்காரப்போகிறார்கள் என்றதும் எனக்கு மறுபடி லேசாக ஒரு சந்தேகம் வந்தது. பழக்கம் ஒரேயடியாகப் போகுமா?

போன வாரம் லூர்து அக்கா வந்தாள். "பொண்ணுக்கு இன்னாவாம்டா?" என்றாள். பழைய ஆளாக இருந்தால் ஜுரம் என்றிருப்பேன்.

"மாசம் வர்றது சரியில்லக்கா. ரத்தம் ரொம்பப் போச்சி. மாத்திர குடுத்துக்கிறாங்க."

அக்கா சட்டென்று எழுந்து தெருக்கதவைச் சாத்தினாள். நான் போய்த் திறந்துவிட்டு வந்து உட்கார்ந்தேன். உன்னைப் பற்றியும் சொன்னேன். வயிற்றில் கட்டி இல்லை, கர்ப்பப்பை வாயில் புற்று என்று. அக்கா முந்தானையை விரலில் சுற்றிச் சுற்றிப் பிரித்துக்கொண்டிருந்தாள். காபி ஆறிப்போயிற்று. கிளம்பும்போது வாசற்படியில் நின்று, முதுகைக் காட்டிக்கொண்டு கேட்டாள்.

"அந்த டாக்டரம்மா எந்த நாள்ல பாப்பாங்க?"

"யாருக்குக்கா?"

"தெரிஞ்சவங்க ஒருத்தங்களுக்கு."

சொல்லிவிட்டுத் தெருவைப் பார்க்கத் திரும்பிக்கொண்டாள். தெருவில் பார்ப்பதற்கு ஒன்றும் இல்லை. பிலோமி, அந்தக் கழுத்தைப் பார்த்துத்தானே நான் இத்தனை வருஷம் சம்பளம் வாங்கினேன்? இந்தத் தடவை டிக்கெட் கேட்கவில்லை. "செவ்வாக்கெயம பாப்பாங்கக்கா. நானே வந்து இட்டுக்கினு போறேன். தெரிஞ்சவங்கள காலைல ரெடியா இருக்கச் சொல்லு" என்றேன். அக்கா திரும்பாமலே தலையை ஆட்டினாள். போனோம். பரிசோதனைக்கு எடுத்திருக்கிறார்கள், முடிவு இன்னும் வரவில்லை. சீக்கிரம் வந்துவிட்டீர்கள் என்று மட்டும் டாக்டர் சொன்னார். உன்னைப் பற்றி அந்த வார்த்தையை ஒருவரும் சொல்லவில்லை.

உன் நினைவு நாள் வருகிறது. வழக்கமாக உன் படத்தைப் போட்டு, கண்ணீரோடு இரண்டு வரி எழுதி நோட்டீஸ் அடிப்போம். இந்த வருஷம் அதற்குப் பதில் இந்தக் கடிதத்தையே அச்சடித்துப் பூசை முடிந்ததும் கோயில் வாசலில் கொடுக்கப்போகிறேன். ஜெனியிடம் முழுக்கப் படித்துக் காட்டினேன். அவள் பெயரை எடுத்துவிடட்டுமா என்று கேட்டேன். "எதுக்குப்பா? நான் இன்னா தப்பு பண்ணேன்?" என்றாள். கவியும் தன் பெயரைப் போட்டே ஆக வேண்டும் என்கிறாள். அக்காவிடம் கேட்டதற்கு, அவள் கோயிலுக்குப் போய்விட்டு வந்து, "போடு" என்றாள்.

பழைய சத்தியத்தை உடைத்ததற்கு ஈடாகப் புதிதாக ஒன்று தருகிறேன், கையை நீட்டு. இனிமேல் இந்த ஊரில் யார் உன்னைப் பற்றிக் கேட்டாலும், உன் பெயரோடு உன் நோயின் பெயரையும் சேர்த்தே சொல்வேன். ஜெனிக்கு அந்த ஊசியைப் போட்டுக் கூட்டிவருவேன். அவளைக் கட்டிக்கொள்ள வருகிறவன் வீட்டிலும் முதல் பேச்சாக இதைத்தான் பேசுவேன், கேட்டுவிட்டு எழுந்து போகிறவர்கள் போகட்டும். செக்கர் கண்ணை மட்டும் கழற்றி வைக்க மாட்டேன். உன்னோடு இருந்தபோதும் அதைப் போட்டுக்கொண்டிருந்திருந்தால் நீ நின்றுகொண்டே வந்த அந்தப் பயணத்தில் உன் முகத்தை ஒரு தடவையாவது பார்த்திருப்பேன்.

இப்படிக்கு,
உன்னிடம் கேட்காமல் விட்ட உன் வீட்டுக்காரன்,
கேட்கக் கற்றுக்கொண்டிருக்கும் ஜெனியின் அப்பா,
ஆரோக்கியம்